எட்டாம் நாளுக்கு முன் உனக்குச் சொல்ல வேண்டியது

2026 பெப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது இருபது. நீ பிறந்து இன்று ஐந்தாம் நாள். எட்டாம் நாளான புதன்கிழமை, ரோமிலிருந்து ஒரு வைத்தியர் சிசிலியில், சீசா என்னும் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து உனக்கு விருத்தசேதனம் செய்யப்போகிறார். யூதர்கள் ஆண்பிள்ளைக்கு எட்டாம் நாள் நுனித்தோலை வெட்டும் சடங்கு அது. உன் அம்மா யூதப் பெண், ஆகவே அவர்கள் கணக்கில் நீ யூதன். நான் மன்னார்க் கத்தோலிக்கன், ஆகவே என் அம்மாவின் கணக்கில் நீ கத்தோலிக்கன். உன் கணக்கை யாரும் கேட்கவில்லை. நீ கையை முகத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாய்.

இதை நீ பதினெட்டு வயதில் படிக்க வேண்டும். அதுவரை பொறுத்திருந்து எழுத என்னால் ஏலாது. அப்போது எழுதினால் எல்லோரையும் நல்லவர்களாக்கி எழுதிவிடுவேன், என்னையும் சேர்த்து. எனக்கு வயது முப்பத்தொன்று. பொலிதேயாமாப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் லிப்ட் திருத்துகிறேன். வேலை முடிந்ததும் அறிக்கை எழுதுவேன்: பழுது என்ன, காரணம் என்ன, செய்தது என்ன. இதையும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். பழுதை ஒரு வரியில் எழுதலாம், செய்யப்போவதையும் எழுதலாம். காரணம்தான் நீளுகிறது.

நான் முதன்முதலில் பார்த்த யூதன் நானேதான். பதினாறு வயதில், இங்கே எங்கள் ஆக்கள் பெரிய வெள்ளிக்குப் போட்ட, இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ் நாடகத்தில், இயேசுவை இழுத்துக்கொண்டு போகும் யூதர்களில் ஒருவனாக என்னை விட்டார்கள். உயரமாக இருந்தேன், வேறு தகுதி எதுவும் கேட்கவில்லை. தேங்காய்த் தும்பில் செய்த தாடி. பழக்கிய அண்ணர் ஒவ்வொரு நாளும் கத்துவார்: "என்னடா சுவாமியைக் கும்பிடப் போற மாதிரி வாறாய்? நீ யூதனடா! பல்லைக் கடிச்சுக்கொண்டு வா!" மண்டபத்தில் இருந்த இருநூறு பேரில் ஒருவர்கூட உண்மையான யூதரைக் கண்டதில்லை. ஆனாலும் யூதன் எப்படி நடப்பான், எப்படிப் பல்லைக் கடிப்பான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாடகம் முடிந்தபோது ஒரு சின்னப் பெட்டை என்னைக் கண்டு அழுதது. நன்றாக நடித்திருக்கிறாய் என்று என் அம்மா சந்தோஷப்பட்டார்.

உன் அம்மா நோயெமியை நான் சந்தித்தது ஒரு சண்டையில். அவள் இலக்கியம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் லிப்ட் நின்றுவிட்டது, சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தியால் மூன்றாம் மாடிக்குப் போக முடியவில்லை. உதிரிப்பாகம் வர ஒரு கிழமை ஆகும் என்றேன். அப்படியென்றால் அந்த ஒரு கிழமையும் வந்து பிள்ளையை நீ தூக்கு என்றாள். தூக்கவில்லை, வேறொரு கட்டடத்துக்கு வைத்திருந்த பாகத்தைக் கொண்டுவந்து பூட்டினேன். பிறகு கோப்பி குடிக்கப் போனபோது அவள் யூதப் பெண் என்று தெரிந்தது. வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல் பாஸ் நாடகத்தைச் சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். எழும்பிப் போகப்போகிறாள் என்று நினைத்தேன். "தாடி எப்படி இருந்தது?" என்று கேட்டாள். "தும்பு." "படம் இருக்கா?" இருந்தது. அதை அன்றே ஜெனோவாவில் இருக்கும் தன் அப்பாவுக்கு அனுப்பினாள்: 'ஒரு யூதனைப் பிடித்துவிட்டேன்' என்று. அவள் இத்தாலியனில் சொன்னதையெல்லாம் இனி எங்கள் பேச்சுத் தமிழில்தான் எழுதுவேன். எழுத்துத் தமிழில் எழுதினால் அவள் செய்தி வாசிப்பவள் போல இருப்பாள், அவள் அப்படி இல்லை.

கலியாண விருந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதைப் பற்றி ஆளுக்கொரு விதமாக உனக்குச் சொல்வார்கள். மண்டபம் சோடித்தது அந்தோனி மாமா, என் அம்மாவின் தம்பி. நாங்கள் உள்ளே போனபோது வாசலில் மூன்று கொடிகள். ஒன்று இத்தாலி, ஒன்று எங்களுடையது, மூன்றாவது நீல நட்சத்திரத்துடன் இஸ்ரேல் கொடி.

"மாமா, உதை ஆர் கட்டினது?"

"நான்தான். பொம்பிளை பகுதிக்கும் ஒரு மரியாதை வேணுமெல்லோ. ஒன்லைனிலை எடுத்தனான், துணியைத் தொட்டுப் பார்."

"அவையள் ஜெனோவா ஆக்கள், மாமா."

"யூதர் எண்டு நீதானே சொன்னனி? ரெண்டாயிரம் வருசம் காத்திருந்து நாடு எடுத்த சனமடா. நாங்களும் ஒரு நாளைக்கு எடுப்பம்." மாமாவின் கண் கலங்கியிருந்தது. பகிடிக்குச் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதையைச் செய்திருந்தார்.

அதற்குள் என் ஒன்றுவிட்ட தம்பி ஜூட் வந்துவிட்டான். வயது இருபது. கழுத்தில் பலஸ்தீனச் சால்வை. "கழட்டுங்கோ மாமா. அங்கை சனம் சாகுது. எங்களுக்கு நடந்ததுதான் அங்கை நடக்குது. கழட்டாட்டி கிழிப்பன்."

"நீ கொடியைக் கிழிச்சால் நான் உன்ரை காதைக் கிழிப்பன்."

நோயெமியின் அப்பா தாவிதே கொடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு மாமாவின் தோளில் கை போட்டுச் சொன்னார்: "என்னட்டை ஒரு கொடிதான் இருக்கு, இத்தாலிக் கொடி. அதையும் உலகக் கிண்ணத்துக்கு மட்டும்தான் வெளியிலை எடுப்பன். கனகாலமா அதுக்கும் வேலையில்லை." மாமாவுக்குப் பாதிதான் விளங்கியது, ஆனால் சிரித்தார். கொடி இறங்கியது.

அத்தோடு முடிந்திருக்கலாம். சாப்பாட்டு மேசையில் ஜூட் நோயெமிக்கு முன்னால் வந்து இருந்தான். "அண்ணி, நீங்கள் என்ன சொல்லுறியள், அங்கை நடக்கிறதைப் பற்றி?" உன் அம்மா கரண்டியை வைத்தாள். "போன சனிக்கிழமை ஊர்வலத்திலை பொலிதேயாமாச் சதுக்கம் வரைக்கும் நடந்தனான். நீ வந்தனியா?" அவனுக்கு அன்றைக்கு வேலை. "சரி. இந்த மேசையிலை பன்னிரண்டு பேர் இருக்கினம். வேறை ஆரிட்டையும் கேட்டனியா?" ஜூட் காது சிவக்க எழும்பிப் போனான். நல்ல பெடியன்தான். ஆனால் அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் தமிழன் என்று சொன்ன அடுத்த நிமிடம், "அப்ப நீ புலியா?" என்று கேட்பார்கள். ஒன்பது வயதில் இங்கே வந்தவன். எனக்குக் கணக்கு வீட்டுவேலைதான் பிரச்சினையாக இருந்தது.

உன் அம்மாவுக்கு நாவல்தான் உயிர். எனக்குக் கற்பனைக் கதை ஒத்துவராது. நடக்காத ஒன்றை நடந்ததுபோல நம்பி இருப்பதற்கு என்னிடம் பொறுமையில்லை, இதை அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று விருந்து முடிந்து வரும்போது காரில் சொன்னாள்: "நாவலிலை ஒரு ஆளோடை முன்னூறு பக்கம் இருக்கவேணும். மாமாவும் சரி, ஜூட்டும் சரி, என்னை முதல் பக்கத்திலையே மூடி வைச்சிட்டினம்." முன்னூறு பக்கம் ஒருத்தரோடு இருக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்டேன். "அதுதான் உங்கள் எல்லாருக்கும் பிரச்சினை" என்றாள். நான் வாகனம் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது நினைக்கிறேன், எங்கள் பாஸ் நாடகமும் கற்பனைதான், மாமாவின் ரெண்டாயிரம் வருசமும் கற்பனைதான். நான் கற்பனையை நம்பாதவன் என்று எப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவளுடைய வகுப்பில், கரும்பலகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் யாரோ ஒரு சொல்லை எழுதியிருந்தார்கள். என்ன சொல் என்று எனக்குச் சொல்லவில்லை. அழித்துவிட்டுப் பாடத்தை நடத்தினாளாம். அடுத்த நாள் காலையில், அவளுடைய அம்மா இறப்பதற்கு முன் கொடுத்த யூத நட்சத்திரச் சங்கிலியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நான் பார்த்தேன். நல்லதென்றுதான் நினைத்தேன். பாதுகாப்பு என்றால் எனக்கு விளங்கும்.

நீ வயிற்றில் வந்தபோது எங்கள் முடிவு தெளிவாக இருந்தது: கத்தியும் இல்லை, ஞானஸ்நானமும் இல்லை, பெரியவனாகி அவன் சொல்லட்டும். என் அம்மாவிடம் சொன்னேன். "பாப்பம்" என்றார். என் அம்மா பாப்பம் என்று சொன்னால் அது சம்மதம் அல்ல என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நேற்று, சனிக்கிழமை. என் அம்மா தான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டுக்கொண்டு உன்னைக் குளிப்பாட்ட வந்திருந்தார். நான் முன்னறையில் உன் கட்டிலின் பலகைகளைப் பொருத்திப் பூட்டிக்கொண்டிருந்தேன். நோயெமி துவாயை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள், போனவள் அப்படியே நின்றுவிட்டாள். "மாமி, என்ன செய்யிறியள்?" குரல் எனக்குப் பிடிக்கவில்லை. எழும்பி ஓடினேன். உன்னை இடது கையில் ஏந்தி, வலது கையால் உன் தலையில் மூன்றாம் முறை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் அம்மா. உதடு அசைந்துகொண்டிருந்தது.

"குளிக்க வாக்கிறன்" என்றார்.

"அம்மா."

"சரி. ஊத்தினனான். பிதா, சுதன் சொல்லித்தான் ஊத்தினனான். என்ன இப்ப?"

நான் சொன்னேன், "நோயெமி, விடு, தண்ணிதானே." அவள் என் பக்கம் திரும்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது. "உனக்குத் தண்ணி. மாமிக்கு அது தண்ணியில்லை. எனக்கும் தண்ணியில்லை. இந்த வீட்டிலை அதைத் தண்ணி எண்டு நினைக்கிற ஆள் நீ மட்டும்தான்." பிறகு உன்னை வாங்கித் துவாயில் சுற்றிக்கொண்டு அம்மாவுக்குச் சொன்னாள்: "இந்த நாட்டிலை முந்தி ஒரு யூத வீட்டிலை வேலைக்கு நிண்ட பெட்டை, களவாப் பிள்ளைக்குத் தண்ணி ஊத்தினவள். பிள்ளை இனிக் கிறிஸ்தவன் எண்டு சொல்லி பொலிஸ் வந்து தாய் தேப்பனிட்டையிருந்து தூக்கிக்கொண்டு போனது. திருப்பிக் குடுக்கவேயில்லை. எங்கடை வீடுகளிலை எல்லாப் பிள்ளையளுக்கும் தெரிஞ்ச கதை. எனக்கு என்ரை அம்மா சொன்னவ."

அம்மா கையைத் துடைத்தார். இருபது வருடமாக வீட்டு வேலை செய்கிறவர். "அந்தப் பிள்ளைக்கு அப்ப காய்ச்சல் வருத்தமோ?" என்று கேட்டார்.

நோயெமி யோசித்தாள். "வருத்தம் எண்டுதான் அவள் சொன்னவளாம்."

"அப்ப அவள் பயந்திருப்பாள். பிள்ளை செத்திடும் எண்டு பயந்திருப்பாள்." குளியல் தொட்டியின் விளிம்பில் அமர்ந்தார். "உவனுக்குப் பிறகு எனக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை பிறந்தது. இடம்பெயர்ந்து போற வழியிலை, மரத்துக்குக் கீழை. ஃபாதர் எங்கை, ஆர் எங்கை, ஒண்டும் தெரியாது. போத்திலிலை இருந்த தண்ணியை நானே ஊத்தினன். ரெண்டு நாள்தான் இருந்தது. ஊத்தினபடியாலைதான் நான் இண்டைக்கும் நித்திரை கொள்ளுறன்."

எனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பது தெரியும். தண்ணீர் விஷயம் தெரியாது. என்னிடம் சொல்லாததை அம்மா குளியலறையில், அரைகுறைச் சிசிலிய இத்தாலியனில், உன் அம்மாவிடம் சொன்னார்.

நோயெமி உன் தலையைத் துவாயால் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "மாமி, என்னட்டைச் சொல்லிப்போட்டு ஊத்தியிருக்கலாம்."

"சொன்னால் விட்டிருப்பியோ?"

"இல்லை."

"அப்ப?"

ஒருவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, மற்றவர் கொடுக்கவும் இல்லை. நீ அழுதாய், பால் கொடுக்கப் போனாள். பின்னேரம், நான் கட்டிலின் கடைசி ஆணியை இறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து சொன்னாள்: "புதன்கிழமை இவனுக்குச் செய்யப் போறன்."

"என்ன இது, மாமியோடை போட்டியோ?"

"கொஞ்சம் போட்டிதான். ஆனால் அது மட்டுமில்லை. நான் சங்கிலியைக் கழட்டி லாச்சிக்குள்ளை வைச்சனான். எவ்வளவு சுகமாக் கழட்டினன் தெரியுமா? இவனிட்டைக் கழட்ட ஏலாதது ஒண்டு இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. சின்ன வயதில் கொழும்பில் பஸ்ஸில் ஏறினால் அப்பா என் கையை அமத்துவார், தமிழில் வாய் திறக்காதே என்று. வாயை மூடலாம். இங்கே வந்த பிறகு, மூடுவதற்கு ஒன்றும் இல்லை. வாய் திறக்கும் முன்னமே என் தோல் எல்லாவற்றையும் சொல்லிவிடும். "இவனிட்டை அது ஏற்கனவே இருக்கு. என்ரை நிறத்திலை பிறந்திருக்கிறான். எந்த லாச்சிக்குள்ளை வைப்பான்?"

"சரி" என்றாள். "உன்ரை பக்கத்திலையிருந்து கழட்ட ஏலாதது ஒண்டு வந்திட்டுது. என்ரை பக்கத்திலையிருந்து?"

ஏற்கனவே இறுக்கிய ஆணியை மறுபடி இறுக்கினேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் தாவிதேக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவர் சம்மதிப்பார் என்று நான் நினைத்தேன், அவர் எதிர்த்தார். அவருடைய அப்பா, இரண்டாம் உலக யுத்தத்தின்போது குடும்பம் மலைக் கிராமமொன்றில் ஒளித்திருந்த காலத்தில் பிறந்தவர். யூதரோ என்று காற்சட்டையைக் கழற்றிப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போன காலம், அதனால் அவருக்குச் செய்யவில்லை. "செய்யாதபடியால் அவர் தப்பினார். அவர் தப்பினபடியால் நான் இருக்கிறன், நீ இருக்கிறாய்."

"அது அந்த வருசம், அப்பா."

"இந்த வருசத்திலை உனக்கு அவ்வளவு நம்பிக்கையோ?"

"இல்லை. நம்பிக்கை வந்த பிறகு செய்யலாம் எண்டால் ஒருக்காலும் செய்ய ஏலாது."

நீ யோசிப்பாய், அம்மாவுக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கிறதா என்று. நானும் கேட்டேன். கிழமைக்குக் கிழமை மாறும் என்றாள். யூதன் என்றால் என்ன என்று உன்னிடம் கேட்பார்கள். என்னிடம் விடை இல்லை. எனக்குத் தெரிந்தது தும்புத் தாடியும், மாமாவின் கொடியும், லாச்சிக்குள் ஒரு சங்கிலியும், இந்தப் பிடிவாதக்காரியும். அதில் முதல் இரண்டையும் விட்டுவிடு. எல்லா யூதருக்காகவும், எல்லாத் தமிழருக்காகவும் உன்னைப் பதில் சொல்லச் சொல்வார்கள். சொல்லாதே. அதற்காக வாயை மூடிக்கொண்டும் இராதே. அநியாயம் கண்டால் உன் வாயால் சொல், உன் காலால் நட. உன் அம்மா ஊர்வலத்துக்குப் போனது யாரோ கேட்டதற்காக அல்ல.

இன்று காலை அவளிடம் கோபம் இல்லை. நன்றாகத் தூங்கியிருந்தாள். இன்னும் செய்ய வேண்டுமா என்று கேட்டேன், ஓம் என்றாள். நானும் ஓம் என்றேன். இதை நீ சரியாகப் படிக்க வேண்டும். நான் தோற்றேன் என்றோ, அவள் என்னைக் கட்டாயப்படுத்தினாள் என்றோ எழுதவில்லை. உன் உடம்பில் உன்னைக் கேட்காமல் செய்வது சரி என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் எதுவுமே செய்யாமல் விட்டால் நீ வெறுமையாக, சுதந்திரமாக இருப்பாய் என்று நான் நினைத்தது பிழை. என் நிறமும் என் மொழியும் கேட்காமலே உன்னிடம் வந்துவிட்டன, இப்போது தண்ணீரும் வந்துவிட்டது. அவளுடையது மட்டும் உன் அனுமதிக்காகப் பதினெட்டு வருடம் வாசலில் நிற்க வேண்டுமென்று சொல்ல எனக்கு முகம் இல்லை. நீ கோபப்படலாம். கோபம் வந்தால் அம்மாவிடம் போகாதே, என்னிடம் வா. ஓம் சொன்னவன் நான். அறைந்து சாத்துவதற்கு என் கதவு இருக்கும்.

என் அம்மா பூசைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று நோயெமியிடம் கேட்டார்: "புதன்கிழமை விபூதிப் புதன், தெரியுமோ? ஒருசந்தி நாள். உங்கடை ஆக்கள் அண்டைக்கு விருந்தும் வைக்கிறவையோ?"

"வைப்பினம், மாமி."

"நான் சாப்பிடமாட்டன். ஆனால் வருவன்."

"நெத்தியிலை சாம்பலோடையோ?"

"வேறை என்னத்தோடை வாறது?"

உன் அம்மா சிரித்தாள். சிரிக்கும்போது தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இனி நான் செய்யப்போவது:

1. இன்று பூசை முடிந்ததும் கோயிலுக்குப் போய், நடந்ததைப் பங்குச் சுவாமியிடம் நேரே சொல்வேன். நாங்கள் இரண்டு பேரும் வந்து கேட்கும்வரை உன்னை அவருடைய எந்தப் பதிவேட்டிலும் எழுதக்கூடாது. அம்மாவும் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வேன், பின்னால் போய்ச் சொல்லமாட்டேன்.

2. வேலைத்தளத்துக்கு அறிவித்து வெள்ளி வரை லீவு எடுப்பேன். தரமாட்டோம் என்றாலும் எடுப்பேன்.

3. நாளை துறைமுகத்தில் ஜெனோவாக் கப்பலுக்குப் போய்த் தாவிதேயைக் கூட்டிவருவேன். வழி முழுக்க வாதாடுவார். வீட்டு வாசல் வரை வாதாட விடுவேன், வாசலில் முடிவைச் சொல்வேன்.

4. மடியில் உன்னை வைத்திருப்பவர் யூதராக இருக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். அது தாவிதே. அவர் மாட்டேன் என்றுதான் சொல்வார். தன் அப்பாவுக்காக மறுக்கிறவரிடம் உனக்காகக் கேட்பேன். கெஞ்ச வேண்டுமென்றால் கெஞ்சுவேன், எனக்கு அது வராது, ஆனாலும்.

5. புதன்கிழமை உன் தலைமாட்டில் நிற்பேன். வெளியே போய் நிற்கலாம், பல தகப்பன்மார் நிற்பார்களாம். நான் போகமாட்டேன். முகத்தையும் திருப்பமாட்டேன்.

6. நீ கத்துவாய். கத்தி முடியும்வரை உன் கையைப் பிடித்திருப்பேன். பிறகு உன்னைத் தூக்கி, முதலில் உன் அம்மாவிடம், அதன் பிறகு என் அம்மாவிடம் கொடுப்பேன்.